வருமானத்தை அளந்த கொள்கையும் குடியிருப்பை இழந்த மக்களும்: ஜொகூர்த் தோட்டங்களை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

வளர்ச்சித் திட்ட ஆவணங்களைப் பொருளியலார் புள்ளிவிவரக் களஞ்சியங்களாகப் படிக்கின்றனர். அரசியலார் வாக்குறுதிப் பட்டியல்களாகப் படிக்கின்றனர். அவற்றைப் பனுவல்களாகக் கொண்டு ஆராயும் முயற்சிகள் தமிழாய்வுலகில் அருகியே காணப்படுகின்றன. ஒரு பனுவல் எதனைப் பேசுகிறது என்பதோடு எதனைப் பேசாது விடுகிறது என்பதையும் நோக்குவது திறனாய்வின் கடமையாகும். அவ்வகையில், மலேசியாவின் பொருளாதார, சமூகக் கொள்கைகள் தோட்டத் தொழிலாளரை எந்தச் சொற்களால் குறித்தன, எந்த அளவுகோலால் அளந்தன, எதனை அளக்காது விட்டன என்பதை ஜொகூர் மாநிலத்தை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

நம் கருத்தைத் தொடக்கத்திலேயே கூறிவிடுதல் நலம். மலேசியக் கொள்கைகள் தோட்டத் தொழிலாளரை முற்றிலும் மறந்துவிட்டன என்பது பொதுவாக முன்வைக்கப்படும் குற்றச்சாட்டு. அது முழு உண்மை அன்று. கொள்கைகள் அவர்களைக் கணக்கில் எடுத்துக்கொண்டன. ஆயின், அவர்களுடைய வருமானத்தை மட்டுமே எடுத்துக்கொண்டன. அவர்கள் வாழ்ந்த இடத்தின்மீது அவர்களுக்கு இருந்த, அல்லது இல்லாதிருந்த, உரிமையை எடுத்துக்கொள்ளவில்லை. இப்பிழை மலேசியாவுக்கு மட்டும் உரியதும் அன்று.

தோட்டம் என்னும் ஏற்பாடு

தோட்டம் ஒரு வேலைத்தளம் மட்டும் அன்று என்பதை முதற்கண் நினைவிற்கொள்ள வேண்டும். லயத்து வீடு, தண்ணீர்க் குழாய், ஆயாக்கொட்டகை, மருந்தகம், தமிழ்ப்பள்ளி, மாரியம்மன் கோயில், திடல், இடுகாடு ஆகிய அனைத்தும் நிருவாகத்தின் நிலத்திலேயே அமைந்தன. கங்காணி முறையின்வழியும், 1907இல் உருவான குடியேற்ற நிதியின்வழியும் தென்னிந்தியாவிலிருந்து ஆள்கள் கொண்டுவரப்பட்ட காலத்தில், தொழிலாளரைத் தோட்டத்திலேயே நிறுத்திவைக்க இவ்வேற்பாடு உதவிற்று. கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி நடத்துவதை முதலாளியின் கடமையாக்கிற்று. அரசு ஆற்ற வேண்டிய கடமைகள் இவ்வாறு சட்டத்தின் வாயிலாகவே தனியார் கைக்கு மாற்றப்பட்டன.

ஜொகூர் கூட்டு மலாய் மாநிலங்களுள் ஒன்றன்று. கங்சூ முறையின்கீழ்ச் சீனக் குடியேறிகள் பயிரிட்ட கெம்பீரும் மிளகுமே 19ஆம் நூற்றாண்டில் அதன் பொருளாதார அடித்தளமாக விளங்கின. 1909இல் இரயில் பாதை மாநிலத்தை ஊடறுத்து ஜொகூர் பாருவை எட்டியது. 1914இல் பிரிட்டிஷ் பொது ஆலோசகர் அமர்த்தப்பட்டார். இவ்விரண்டையும் ஒட்டி இரப்பர் தோட்டங்கள் விரைந்து பெருகின. சிகாமாட், குளுவாங், கூலாய், தெப்ராவ், உலு திராம், கோத்தா திங்கி வட்டாரங்களில் உருவான தோட்டங்களிலும் மேற்கூறிய ஏற்பாடே நிலவிற்று.

இவ்வேற்பாட்டின் உட்பொருள் தெளிவானது. தொழிலாளிக்கு வீடு கிடைத்தது. வீட்டின்மீது உரிமை கிடைக்கவில்லை. பிள்ளைக்குப் பள்ளி கிடைத்தது; பள்ளி நின்ற நிலம் நிருவாகத்தினுடையது. வேலை முடியும் நாளில் வீடும் முடியும். மூன்று தலைமுறையாக ஒரே லயத்தில் வாழ்ந்த குடும்பமும் சட்டத்தின் பார்வையில் வேலையின் பொருட்டுத் தங்கவைக்கப்பட்ட குடும்பமே ஆகும்.

துண்டாடல் தந்த முதல் எச்சரிக்கை

இவ்வேற்பாட்டின் நிலையாமையை நாடு 1950களிலேயே கண்டுகொண்டது. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் நிறுவனங்கள் சில தம் தோட்டங்களை விற்றுவிட்டு வெளியேறின. வாங்கியோர் அவற்றைச் சிறு துண்டுகளாகப் பிரித்து விற்று ஊதியம் கண்டனர். மலாயாவில் 100 ஏக்கரும் அதற்கு மேலும் பரப்புடைய நிலமே தோட்டம் என வரையறுக்கப்பட்டிருந்தது. அதனினும் குறைந்தது சிறுதோட்டம் எனப்பட்டது. துண்டாடப்பட்ட நிலத்தில் மரங்கள் அப்படியே நின்றன; பாலும் வடிந்தது. ஆனால் வரையறையின்படி அங்குத் தோட்டம் இல்லாது போயிற்று. தோட்டம் என்னும் சொல்லைப் பற்றி நின்ற வீடும் பள்ளியும் மருந்தகமும் அச்சொல்லோடு சேர்ந்தே சரிந்தன. ஒரு வரையறை மனிதரை இடம்பெயர்க்க வல்லது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மலாயாப் பல்கலைக்கழகப் பொருளியற் பேராசிரியர் உங்கு அசிஸ், 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த தோட்டத் துண்டாடலை விரிவாக ஆய்ந்து நூலாக வெளியிட்டார். அவ்வாய்வு துண்டாடலின் சமூகக் கேடுகளை வெளிப்படுத்திற்று. எனினும் அரசு துண்டாடலை உறுதியாகத் தடுக்கும் நடவடிக்கையில் இறங்கவில்லை. சமூகத்திலிருந்து எழுந்த விடையே குறிப்பிடத்தக்கது. துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் மாதந்தோறும் பத்து வெள்ளியாகச் செலுத்தி 100 வெள்ளிப் பங்கொன்றைப் பெறலாம் என்னும் ஏற்பாட்டினால் திரண்ட பணத்தைக் கொண்டு அச்சங்கம் தோட்டங்களை வாங்கிற்று. கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் அதன் முதல் கொள்முதலாகும்.

சம்பந்தனின் முயற்சி ஒரு கருத்தை உள்ளடக்கியிருந்தது: தொழிலாளியின் பாதுகாப்பு கூலி உயர்வினால் மட்டும் வருவதன்று, நிலத்தின்மீது பெறும் உரிமையினாலும் வருவது. ஆயின் கூட்டுறவின் பங்குதாரர் ஆவது ஒன்று. தாம் வாழும் வீட்டுக்கு உரிமையாளர் ஆவது வேறொன்று. முன்னதைச் சங்கம் சாதித்தது. பின்னதை நாடு முழுமைக்கும் சாதிப்பது எந்தக் கூட்டுறவுச் சங்கத்தாலும் இயலாது. அஃது அரசால் மட்டுமே இயலும்.

புதிய பொருளாதாரக் கொள்கையின் இரு முனைகள்

1969 மே 13 கலவரத்தைத் தொடர்ந்து, 1971இல் இரண்டாம் மலேசியத் திட்டத்தோடு புதிய பொருளாதாரக் கொள்கை நடைமுறைக்கு வந்தது. இன வேறுபாடின்றி வறுமையை ஒழிப்பது அதன் முதல் முனை. இனத்தையும் தொழிலையும் பிணைத்துப் பார்க்கும் நிலையை நீக்கும்வண்ணம் சமுதாயத்தைச் சீரமைப்பது இரண்டாம் முனை. இவ்விரு நோக்கங்களிலும் குறை காண இடமில்லை. சொல்லளவில் நோக்கினால், தோட்டத் தொழிலாளரைப் போல் இவ்விரண்டுக்கும் ஒருங்கே பொருந்திய பிரிவினர் வேறெவரும் இலர். அவர்கள் ஏழைகள், அவர்களுடைய தொழில் அவர்களுடைய இனத்தின் மறுபெயராகவே வழங்கிற்று.

முதல் முனையை நோக்குவோம். 1970இல் தீபகற்ப மலேசியாவின் குடும்பங்களுள் 49.3 விழுக்காடு வறுமையில் வாழ்ந்ததாக அரசு கணித்தது. மலாய்க்காரரிடையே 64.8 விழுக்காடும் இந்தியரிடையே 39.2 விழுக்காடும் சீனரிடையே 26 விழுக்காடும் வறுமை நிலவிற்று. தொழில்வாரியாக நோக்கின், நெல் விவசாயிகளுள் 88 விழுக்காட்டினரும் தோட்டத் தொழிலாளருள் ஏறத்தாழ 40 விழுக்காட்டினரும் வறியோர். இவ்வெண்களை வைத்துக்கொண்டு முன்னுரிமை வகுக்கும் எந்த அதிகாரியும் நெல் வயலையே முதலில் நாடுவார். அதில் தவறில்லை. ஆனால், நெல் விவசாயியின் குடிசை பெரும்பாலும் அவனுடைய கிராமத்தில் இருந்தது. தோட்டத் தொழிலாளியின் வீடு பிறருடைய நிலத்தில் இருந்தது. இவ்வேறுபாட்டைக் காட்டும் நிரல் எதுவும் அப்பட்டியலில் இல்லை.

ஊரக வளர்ச்சி என்னும் சொல்லும் இவ்வாறே இயங்கிற்று. சாலை, மின்சாரம், குழாய் நீர், நிலக் குடியேற்றம் ஆகியன கிராமங்களைச் சென்றடைந்தன. தோட்டம் ஊரகத்தில் இருந்தது. ஆயினும் தனியார் நிலம் என்னும் காரணத்தால் ஊரக வளர்ச்சியின் எல்லைக்குப் புறத்தே நிறுத்தப்பட்டது. ஜொகூரில் இவ்வேறுபாடு கண்கூடாகத் தெரிந்தது. 1956இல் நிறுவப்பட்ட பெல்டா, கூலாய் வட்டாரத்தின் தைப் அண்டாக் உள்ளிட்ட பல திட்டங்களை இம்மாநிலத்தில் அமைத்தது. பெல்டாக் குடியேறி செம்பனை பயிரிட்டு, கடன் தீர்ந்தபின் நிலத்துக்கு உரியவரானார். அண்டைத் தோட்டத்தில் அதே செம்பனைக் குலையை வெட்டிய தொழிலாளி, ஓய்வு பெற்றபின் வீட்டைக் காலி செய்தார். பெல்டா தவறான திட்டம் என்பது நம் கருத்தன்று. நிலமற்ற உழைப்பாளிக்கு நிலம் அளிப்பதே வறுமை ஒழிப்பு என்பதை மெய்ப்பித்த திட்டம் அது. அம்மெய்ம்மை வேலிக்கு அப்பால் ஏன் செல்லவில்லை என்பதே நாம் எழுப்பும் வினா.

இரண்டாம் முனையின் கதை வேறு வகையானது. சீரமைப்பு என்பது நடைமுறையில் நிறுவனப் பங்குடைமையின் விழுக்காடாகச் சுருங்கிற்று. 1990க்குள் பூமிபுத்திராக்களின் பங்கு 30 விழுக்காட்டை எட்ட வேண்டும் என இலக்கு வகுக்கப்பட்டது. அவ்வழியில் 1981 செப்டம்பர் 7ஆம் நாள் இலண்டன் பங்குச் சந்தையில் கத்ரி நிறுவனத்தைத் தேசிய மூலதன நிறுவனம் கையகப்படுத்திற்று. குடியேற்றக் காலத்துப் பெருந்தோட்டங்கள் நாட்டின் உடைமையான நிகழ்வு அது, பெருமைக்குரியதே. ஆயினும் உடைமை இலண்டனிலிருந்து கோலாலம்பூருக்கு வந்தபோது, லயத்துக்கும் வேலைக்கும் இருந்த முடிச்சு அவிழவில்லை. முதலாளி மாறினார், ஏற்பாடு மாறவில்லை.

இந்தியச் சமூகத்தின் கோரிக்கைகளும் இதே அளவுகோலைக் கைக்கொண்டன என்பது வருந்தத்தக்கது. 2004இல் 1.2 விழுக்காடாக இருந்த இந்தியர் பங்குடைமையை 2020க்குள் 3 விழுக்காடாக உயர்த்த ஒன்பதாம் மலேசியத் திட்டம் இலக்கு வைத்தது. அவ்விலக்கு எட்டப்பட்டிருப்பினும், செம்பனைத் தோட்டத்திலிருந்து வெளியேறிய ஒரு விதவைக்கு அதனால் ஒரு வாசற்படி கூடக் கிடைத்திருக்காது.

அளவுகோலும் அளக்கப்படாதவையும்

அளவுகோல் மாறினால் உண்மையின் தோற்றமும் மாறும் என்பதை அண்மைய நிகழ்வொன்று உணர்த்துகிறது. 2016இல் நாட்டின் வறுமை விகிதம் 0.4 விழுக்காடு மட்டுமே என அறிவிக்கப்பட்டது. 2019இல் வருகை தந்த ஐக்கிய நாட்டு மன்றத்தின் சிறப்புப் பேராளர் பிலிப் ஆல்ஸ்டன் இவ்வெண்ணைக் கடுமையாக மறுத்தார். 2020இல் வறுமைக் கோட்டு வருமானம் மாதம் 980 வெள்ளியிலிருந்து 2,208 வெள்ளியாகத் திருத்தப்பட்டது. திருத்திய கோட்டின்படி 2016ஆம் ஆண்டின் வறுமை 7.6 விழுக்காடு, 2019ஆம் ஆண்டின் வறுமை 5.6 விழுக்காடு. மக்கள் ஒரே இரவில் ஏழையாகிவிடவில்லை; கோடுதான் அவர்கள் இருந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது.

ஆயினும் திருத்திய கோடும் வருமானத்தின் கோடே. தோட்டத்து இலவச வீட்டை வருமானமாகச் சேர்த்துக் கணக்கிட்டாலும் சரி, விடுத்துக் கணக்கிட்டாலும் சரி, அவ்வீட்டின் நிலையாமை எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. கணவனும் மனைவியும் வேலை செய்யும் குடும்பம் கோட்டுக்கு மேலே நிற்கலாம். தோட்டம் விற்கப்பட்ட மாதத்தில் அதே குடும்பம் வேலை, வீடு, பள்ளி, கோயில், அயலார் உறவு ஆகிய ஐந்தையும் ஒருசேர இழக்கிறது. நகரவாசி வேலையை இழந்தால் வேலையை மட்டுமே இழக்கிறார்.

சட்டம் இவ்விழப்பை எவ்வாறு ஈடு செய்தது? 1980ஆம் ஆண்டின் பணிநீக்க நன்மை விதிகளின்படி, ஐந்தாண்டும் அதற்கு மேலும் பணியாற்றியவர் ஆண்டொன்றுக்கு 20 நாள் கூலியைப் பெற உரியவர். முப்பது ஆண்டு உழைத்தவருக்கு 600 நாள் கூலி. நாட்கூலி 15 வெள்ளி எனக் கொண்டால் ஈட்டுத்தொகை 9,000 வெள்ளி. 1980களிலும் 1990களின் பெரும்பகுதியிலும் மலிவு விலை வீட்டின் உச்சவிலை 25,000 வெள்ளி. 1998க்குப்பின் இடத்துக்கேற்ப 42,000 வெள்ளி வரை. ஓர் ஆயுட்கால உழைப்பின் ஈட்டுத்தொகை மிக மலிவான வீட்டின் பாதி விலைக்கும் எட்டவில்லை. வங்கிக் கடனுக்கோ வயது தடை. தொழிலாளர் வீடமைப்புத் தரத்துக்கென 1990இல் இயற்றப்பட்ட 446ஆம் சட்டம், வேலைக் காலத்தில் வீடு எவ்வாறு இருக்க வேண்டும் என்பதை வகுத்தது. வேலை முடிந்தபின் வீடு எங்கே என்பதைப் பற்றி அது பேசவில்லை.

இவ்விடைவெளியில் வீழ்ந்தோர் பலர். 1980க்கும் 2000க்கும் இடையே ஏறத்தாழ 3 இலட்சம் இந்தியர் தோட்டங்களினின்று பெயர்க்கப்பட்டனர் என்பது பரவலாக எடுத்தாளப்படும் மதிப்பீடாகும். அவர்களுள் பலர் நகரோரப் புறம்போக்குக் குடியிருப்புகளிலும், பின்னர் அடுக்குமாடிகளிலும் ஒதுங்கினர். 2001 மார்ச்சில் சிலாங்கூரின் கம்போங் மேடானில் மூண்ட கலவரத்தில் அறுவர் மாண்டனர். 2007 நவம்பர் 25ஆம் நாள் கோலாலம்பூர் வீதிகளில் ஹிண்ட்ராப் பேரணி திரண்டது. இவற்றை இன உணர்ச்சியின் வெளிப்பாடாக மட்டும் காண்போர், அவ்வீதிக்கு முன் இருந்த லயத்தை மறந்துவிடுகின்றனர்.

தோட்டத்தின்மீது எழுந்த நகரம்

ஜொகூரின் இன்றைய முகத்தை உருவாக்கியது 2006 நவம்பரில் தொடங்கப்பட்ட இஸ்கந்தர் மண்டலத் திட்டம். தொடக்கத்தில் அதன் பரப்பு 2,217 சதுர கிலோமீட்டர். அஃதாவது சிங்கப்பூரைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. இம்மண்டலத்தில் புதிய நகர்கள் எழுந்த நிலத்தில் பெரும்பகுதி முன்பு இரப்பரும் செம்பனையும் நின்ற நிலம். இன்று பேரங்காடிகளும் உணவகங்களும் நிறைந்த மவுண்ட் ஆஸ்டின் ஒரு காலத்தில் தெப்ராவின் பெயர்பெற்ற இரப்பர் தோட்டம். ஸ்கூடாயை அடுத்த முத்தியாரா ரினி வீடமைப்புப் பகுதியின் பெயரில் ரினித் தோட்டம் ஒளிந்திருக்கிறது.

இம்மாநிலத்தில் ஏறத்தாழ எழுபது தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் பல இன்னும் ‘தோட்டத் தமிழ்ப்பள்ளி’ என்னும் பெயரையே தாங்கி நிற்கின்றன. சிலவற்றைச் சுற்றிலும் தோட்டமே இல்லை. 1957இல் நாட்டில் 888ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஏறத்தாழ 530ஆகக் குறைந்துள்ளன. இவ்வீழ்ச்சியைத் தாய்மொழிப் பற்றின் குறைவாக விளக்குவோர் உளர். பள்ளி நின்ற நிலம் யாருடையது என்னும் வினாவை முதலில் கேட்டால் விளக்கம் வேறு திசையில் செல்லும். தோட்டம் கலைந்தால் பிள்ளைகள் கலைகின்றனர். பிள்ளைகள் கலைந்தால் பள்ளி கலைகிறது.

ஒரு மறுப்புரையையும் இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும். தோட்டத்தை விட்டு வெளியேறியதே முன்னேற்றம் அன்றோ என்று சிலர் வினவுவர். அதில் உண்மை உண்டு. பாசிர் கூடாங் தொழிற்சாலைகளும் சிங்கப்பூர் வேலைவாய்ப்பும் ஆயிரக்கணக்கான தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வாழ்வளித்தன. லயம் புகழ்ந்து போற்றத்தக்க சொர்க்கம் அன்று. அடக்குமுறையும் சாதியும் கள்ளும் கடனும் அங்குக் குடியிருந்தன. தொழிலாளி தோட்டத்திலேயே இருந்திருக்க வேண்டும் என்று நாம் வாதிடவில்லை. தானே புறப்பட்டவனும் புறப்படுத்தப்பட்டவனும் ஒரே நெடுஞ்சாலையில் வந்தாலும் அவர்கள் கையில் இருந்தவை ஒன்றல்ல. முன்னவன் கையில் கல்விச் சான்றிதழ் இருந்தது. பின்னவன் கையில் காலி செய்யும் கடிதம் இருந்தது.

ஒரே பிழையின் மூன்று வடிவங்கள்

இப்பிழை எல்லைகளைக் கடந்தது என்றோம். நூறு கோடிக்கு மேற்பட்ட மக்களைக் கொண்ட இந்தியாவிலும் இதனைக் காண்கிறோம். அந்நாட்டின் 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், வீடும் மருத்துவமும் ஆயாக்கொட்டகையும் அளிப்பதை முதலாளியின் கடமையாக வகுத்தது. குடியேற்றக் கால ஏற்பாட்டைக் குடியரசு மேம்படுத்திற்றே தவிர, மாற்றவில்லை. அதன் விளைவு திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலையில் வெளிப்பட்டது. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெறப்பட்ட 8,373 ஏக்கர் நிலத்தில் அமைந்த தேயிலைத் தோட்டம் அது. 1999 ஜூலை 23ஆம் நாள், அத்தொழிலாளரின் கோரிக்கைகளுக்காகத் திருநெல்வேலியில் நடந்த பேரணியின்போது காவல்துறையின் தடியடியைத் தொடர்ந்து தாமிரபரணியில் 17 பேர் உயிரிழந்தனர். அன்றைய கோரிக்கைகளுள் முதன்மையானது கூலி. 2024இல், குத்தகை முடியும் 2028க்கு முன்னரே, தொழிலாளருக்கு விருப்ப ஓய்வு அறிவிக்கப்பட்டது. அப்போது எழுந்த முதன்மை வினா கூலி அன்று. நாங்கள் எங்கே வாழ்வது என்பதே. கால் நூற்றாண்டுக்குள் வினா மாறியதன்று. கூலிக்கு அடியில் மறைந்திருந்த வினா மேலே வந்தது எனலாம்.

இலங்கையின் மலையகத் தமிழருக்கு 1948ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையையே மறுத்தது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டது. உடைமை இருமுறை கைமாறிய பின்னும் லயன் அறைகள் நின்றன. அண்மை ஆண்டுகளில் ஏழு பேர்ச்சு நிலத்தோடு தனிவீடு என்னும் கோரிக்கை அங்கு அரசியல் வலிமை பெற்றுள்ளது. அளவில் சிறிதாயினும், கூலியிலிருந்து வேறுபட்டதோர் உரிமையைப் பெயரிட்டுக் கேட்டது அக்கோரிக்கையின் சிறப்பாகும்.

மூன்று நாடுகளின் அரசியலும் வேறு, மக்கள்தொகையும் வேறு. வளர்ச்சிக்குப் பொருளும் வருவாயும் தந்த ஒரு பிரிவினரின் குடியிருப்பை முதலாளியின் பொறுப்பில் விட்டுவிட்டு, அவர்தம் கூலியை மட்டும் கொள்கையின் பொருளாகக் கொண்டதில் மூன்றும் ஒன்றே.

தமிழ் எழுத்தின் பங்கும் எல்லையும்

கொள்கைப் பனுவல்கள் காணாததைப் புனைகதைகள் கண்டன. மலேசியத் தோட்ட வாழ்வைக் களமாகக் கொண்டு அகிலன் எழுதிய ‘பால்மரக் காட்டினிலே’ தொடங்கிச் சீ. முத்துசாமியின் ‘மண்புழுக்கள்’ வரை, தோட்டம் ஒரு வேலைத்தளமாக அன்றி ஓர் உலகமாகவே படைக்கப்படுகிறது. வறுமைக் கோட்டால் அளக்க முடியாதவற்றை நாவல் அளந்தது என்று கூறலாம்.

ஆயினும் தமிழ்ச் சமூகத்தின் பொது உரையாடலில் அவ்வுலகம் பெரும்பாலும் ஏக்கமாகவே எஞ்சிற்று. இடிக்கப்பட்ட கோயிலுக்காக எழுந்த குரல், காலி செய்யப்பட்ட வீட்டுக்காக அதே அளவில் எழவில்லை. மேலும், இன்று லயத்தில் வாழ்வோர் யார் என்னும் வினாவையும் நம் உரையாடல் தவிர்த்துவருகிறது. 1984இல் இந்தோனேசியாவுடன் மேடானில் செய்துகொள்ளப்பட்ட ஆள்வழங்கல் உடன்பாட்டுக்குப்பின், தோட்ட வேலை மெல்ல மெல்ல அயல்நாட்டவர் கைக்கு மாறிற்று. இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் இன்று அதே வேலையைச் செய்கின்றனர். வேலை முடிந்தால் வீடு முடியும் என்னும் அதே விதியின்கீழ் வாழ்கின்றனர். நம் முன்னோரின் துயரை நாம் வரலாறாகப் போற்றுவோமாயின், அதே துயரை இன்று சுமப்போரைப் போட்டியாளராக மட்டும் காண்பது முறையாகாது.

முடிவுரை

குறைந்தபட்சச் சம்பளம் 2013இல் தீபகற்பத்தில் 900 வெள்ளியாகத் தொடங்கி, 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியாக உயர்ந்துள்ளது. தோட்டத் தொழிலாளர் நெடுங்காலமாகக் கோரிய மாதச் சம்பளம் என்னும் கொள்கைக்கு இது வலுவூட்டுகிறது. 2017இல் வெளியிடப்பட்ட மலேசிய இந்தியர் பெருந்திட்டம் கல்வி, அடையாள ஆவணம், அரசுப் பணி ஆகியவற்றில் கவனம் செலுத்திற்று. இவை வரவேற்கத்தக்கவை. எனினும் இவையனைத்தும் மனிதனின் கைக்கு வருவனவற்றைப் பற்றியவை. அவனுடைய காலுக்கடியில் இருப்பதைப் பற்றியவை அல்ல.

இது பழங்கதை அன்று. 2025 ஜனவரியில் ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கான உடன்பாடு கையெழுத்தாயிற்று. அதே ஆண்டு ஜூலையில் பதின்மூன்றாம் மலேசியத் திட்டம் நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்யப்பட்டது. எஞ்சியுள்ள தோட்டங்களின்மீது நிலவிலையின் அழுத்தம் இனிக் கூடுமே அன்றிக் குறையாது. ஆதலின் மூன்று கருத்துகளை முன்வைக்கிறோம். முதலாவது, தோட்ட நிலத்தின் பயன்பாட்டை மாற்ற ஒப்புதல் வழங்குமுன், அந்நிலத்தில் வாழ்வோரின் கணக்கெடுப்பு சட்டப்படி கட்டாயமாக்கப்படுதல் வேண்டும். நிலவிவகாரம் மாநிலத்தின் அதிகாரத்தில் உள்ளமையால், ஜொகூர் மாநிலம் இதில் முன்னோடியாக விளங்க முடியும். இரண்டாவது, பணியாண்டுகளைக் கூலி நாளாக மட்டும் கணக்கிடாமல், வீட்டுரிமையாகவும் கணக்கிடும் விதி வகுக்கப்படுதல் வேண்டும். ஆண்டுதோறும் முதலாளியும் அரசும் செலுத்தும் பங்கிலிருந்து அதற்குரிய நிதி உருவாகலாம். மூன்றாவது, வறுமையை அளக்கும் ஆய்வுகளில், குடும்பம் வாழும் இடத்தின்மீது அதற்குள்ள உரிமை எத்தகையது என்பது தனி நிரலாக இடம்பெறல் வேண்டும்.

மூன்றாம் கருத்து மிக எளிதானது, செலவும் குறைவு. ஆயினும் அதுவே அடிப்படையானது என்பது நம் துணிபு. கணக்கில் ஏறாத இழப்புக்கு ஈடு கேட்க எவராலும் இயலாது. ஒரு நிரல் சேர்க்கப்படுமாயின், அடுத்த தோட்டம் விற்கப்படும்போது வெளியேறும் குடும்பம் வருமானம் இழந்த குடும்பமாக மட்டும் அன்றி, வீடு இழந்த குடும்பமாகவும் அரசின் ஏட்டில் பதிவாகும்.